கவலையிலிருந்து காரியத்திற்கு

(அறக்கட்டளையின் குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி நம் பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட அது அதிகம். தாமிரபரணி கரை மீறி ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கி நின்றார்கள்.

ஒரு மழையை மட்டும் வைத்துக்கொண்டு, "இது பருவநிலை மாற்றத்தால் வந்ததுதான்" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதி. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது சுமந்து செல்லக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. ஆகவே மழை கொட்டும்போது முன்பை விடக் கடுமையாகக் கொட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிந்து வெளியேறும் புகைதான் இந்த வெப்பத்திற்கு முதன்மைக் காரணம்.

இதெல்லாம் நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். வீண்விரயம் கூடாது என்பதும் புதிய செய்தி அல்ல. மதரஸாவில் சின்ன வயதிலேயே படித்துவிட்டோம். தெரிந்திருக்கிறது, கவலையும் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்த்தால், அந்தக் கவலைக்கு அடையாளம் எதுவும் தெரியவில்லையே, ஏன்? இன்றைக்கு நாம் பேச வேண்டியது இதைத்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. மனம் எண்ணுவதற்கும் கை செய்வதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை உளவியல் அறிஞர்கள் பல நாடுகளில் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் நம் வீடுகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல்யாண மண்டபத்திற்கும் பயன்படுவதைப் பார்ப்போம்.

முதலாவது, பழக்கம். காலையில் எழுந்ததும் குழாயைத் திறக்கிறோம், விளக்கைப் போடுகிறோம், மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். இவற்றையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்கிறது. "இனிமேல் சிக்கனமாக இருப்போம்" என்கிற நிய்யத் நெஞ்சில் இருக்கிறது, கை வரைக்கும் வந்து சேர்வதில்லை.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் இதற்கு ஓர் எளிய வழியைக் காட்டினார். 1999-இல் வெளியான அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பொதுவாக உறுதி எடுத்தால் போதாது. "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இது நடந்தால், நான் இதைச் செய்வேன்" என்று குறிப்பாக முடிவு செய்ய வேண்டும் என்றார். "தண்ணீரை மிச்சப்படுத்துவேன்" என்பது ஆசை. "ஒளுவில் தலைக்கு மஸஹ் செய்யக் கையை நனைத்ததும் குழாயை மூடுவேன்" என்பது திட்டம். "மோட்டாரைப் போட்டதும் கைபேசியில் அலாரம் வைப்பேன்" என்பதும் திட்டம். திட்டத்தை ஒரு செயலோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அந்தச் செயல் வரும்போது நினைவும் கூடவே வந்துவிடுகிறது.

இரண்டாவது, வசதி. பழைய பள்ளிவாசல்களில் ஹவுள் இருக்கிறது. அதில் ஒளு செய்கிறவர் வேண்டும்போது கையால் அள்ளிக்கொள்கிறார். அவரே குழாயடிக்குப் போனால், முகத்தைத் துடைக்கும்போதும் பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆள் ஒருவர்தான், அவருடைய ஈமானும் ஒன்றுதான். மாறியது ஏற்பாடு மட்டுமே. மனிதரைத் திட்டுவதற்கு முன்னால் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். தானே மூடிக்கொள்ளும் குழாய் ஒன்றைப் பொருத்தினால், பத்து அறிவிப்புப் பலகைகள் செய்யாத வேலையை அது சத்தமில்லாமல் செய்துவிடும்.

அரசுகளும் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் நட்சத்திரக் குறியீட்டோடு விற்பனைக்கு வரும் அறை ஏ.சி.க்கள், போட்டவுடன் 24 டிகிரியில் ஓட வேண்டும் என்று விதி வந்தது. வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஆனால் மனிதர்களில் பலர் வைத்ததை அப்படியே விட்டுவிடுகிறவர்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 18-இல் ஓடுவதை 24-க்கு மாற்றி, மின்விசிறியை மெதுவாகச் சுழல விட்டால், உறக்கமும் கெடாது, பணமும் மிஞ்சும்.

இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பெரிய கடைகள் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 5 பென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மிகச் சிறிய தொகைதான். ஆனாலும் அடுத்து வந்த ஆண்டுகளில் பெரிய கடைகளில் அந்தப் பைகளின் பயன்பாடு 90 சதவீதத்திற்கும் மேல் குறைந்தது. காசு பெரிதல்ல, "பை வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்ட அந்த ஒரு நொடி, தூங்கிக்கொண்டிருந்த எண்ணத்தைத் தட்டி எழுப்பிவிட்டது.

மூன்றாவது, அக்கம்பக்கம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. "மின்சாரத்தை ஏன் மிச்சப்படுத்துகிறீர்கள்?" என்று மக்களிடம் கேட்டார்கள். சுற்றுச்சூழல், வருங்காலத் தலைமுறை, பணம் என்று காரணங்கள் வந்தன. "பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்வதால்" என்பதற்குக் கடைசி இடமே கிடைத்தது. பிறகு ஒவ்வொரு காரணத்தையும் எழுதிய அட்டைகளை வீட்டுக் கதவுகளில் தனித்தனியாக மாட்டி, மின் மீட்டரைக் கணக்கெடுத்தார்கள். "உங்கள் தெருவில் பெரும்பாலோர் மிச்சப்படுத்துகிறார்கள்" என்ற அட்டைதான் அதிகப் பலன் தந்தது. பிறரைப் பார்த்து நடக்கிறோம். ஆனால் அதை நாமே அறிவதில்லை.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நம் மேடைகளில் அடிக்கடி என்ன சொல்கிறோம்? "எல்லோரும் விருந்தில் சோற்றை வீணாக்குகிறார்கள், யாருமே திருந்துவதில்லை" என்கிறோம். கேட்கிறவர் காதில் விழுவது வேறு: "ஓ, எல்லோரும் அப்படித்தானா!" கண்டிக்க நினைத்துக் கெட்ட பழக்கத்தை வழக்கமாக்கிவிடுகிறோம். அதற்குப் பதிலாக, தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு எழுகிறவர்களைப் பற்றிப் பேசுவோம். சஹனைச் சுற்றி உட்கார்ந்து, கேட்டு வாங்கி, மிச்சம் வைக்காமல் எழும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்களே, அவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.

சோறு சின்ன விஷயம் அல்ல. 2022-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளிலிருந்தே போனது. குப்பைமேட்டில் புதையும் உணவு அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்புகிறது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவை விடப் பல மடங்கு வலிமையானது. அதோடு, அந்த அரிசியை விளைவித்த தண்ணீர், ஆட்டை வளர்த்த தீவனம், சமைத்த எரிவாயு எல்லாமே வீண்.

நான்காவது, ஒன்றைச் செய்துவிட்டு ஓய்ந்துவிடுவது. மஞ்சப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தால், "நம் கடமை முடிந்தது" என்று மனம் நிம்மதி அடைந்துவிடுகிறது. மஞ்சப்பை நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் வெப்பத்தைக் கூட்டும் வாயுக் கணக்கில் ஒரு பையை விட, இரவெல்லாம் ஓடும் ஏ.சி.யும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்குக் கிளப்பும் மோட்டார் சைக்கிளும், கொட்டப்படும் ஒரு சட்டி பிரியாணியும் கனமானவை. செய்வதற்கு எளியது எது என்று பார்ப்பதோடு நிற்காமல், கனமானது எது என்றும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பயம். வெள்ளக் காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டினால் ஆள் மாறிவிடுவார் என்று நினைக்கிறோம். செய்ய முடிந்த ஒரு காரியத்தைக் கையில் கொடுக்காமல் பயத்தை மட்டும் ஊட்டினால், மனிதர் காதைப் பொத்திக்கொள்வார், "நம் ஒருவரால் என்ன ஆகும்?" என்று விலகிவிடுவார். நம் ஒரு வீட்டால் உலகத்து வெப்பம் குறைந்துவிடாது, உண்மைதான். ஆனால் ஒரு வீடு மாறினால் தெரு பார்க்கிறது. ஒரு வலிமாவில் தண்ணீர் பாட்டிலுக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் வைத்தால், அடுத்த வலிமா நடத்துகிறவருக்குத் துணிவு வருகிறது.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. ஒற்றை மின்விசிறியில் ஐந்து பேர் உறங்கும் வீட்டுக்குப் போய் நாம் சிக்கனம் போதிக்க வேண்டாம். அவர்கள் வெளியேற்றும் புகை மிகக் குறைவு. வெள்ளம் வந்தால் முதலில் பாயும் அரிசியும் நனைவது அவர்கள் வீட்டில்தான். சிக்கனம் வசதி உள்ளவர்களின் கடமை. அதில் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கு, ஒழுகும் கூரைக்கும் உயர்த்திக் கட்ட வேண்டிய வாசற்படிக்கும் போய்ச் சேர்ந்தால், ஒரே செயலில் இரண்டு நன்மை.

ஆகவே சகோதர சகோதரிகளே, மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: இன்று இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, ஒரே ஒரு கனமான காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். "எப்போது, எங்கே, யார்" என்று ஒரு தாளில் எழுதி, அந்தக் காரியம் நடக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். ஏ.சி. என்றால் சுவிட்சின் பக்கத்தில். சோறு என்றால் அரிசி அளக்கும் உழக்கின் பக்கத்தில்.

இரண்டு: மின்கட்டண அட்டையில் யூனிட்டைப் பாருங்கள், பணத்தை மட்டும் பார்க்காதீர்கள். போன ஆண்டு இதே மாதங்களில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை யாரும் குறைக்க முடியாது.

மூன்று: ஜமாஅத் நிர்வாகிகளும் விருந்து நடத்துகிற குடும்பங்களும் ஏற்பாட்டை மாற்றுங்கள். முதல் தடவை குறைவாகப் பரிமாறுங்கள். கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். மிஞ்சியதை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பதை, அடுப்பு பற்றவைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பந்தி முடிந்து, எல்லோரும் களைத்துப்போன பிறகு யோசித்தால், சோறு குப்பைக்குத்தான் போகும்.

அடுத்த மழைக்காலம் எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. அதற்குள் நம் வீட்டில் ஒரு பழக்கம் மாறியிருக்குமா என்பது நம் கையில் இருக்கிறது. நம் கவலையை அல்லாஹ் நற்செயலாக மாற்றித் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.