எளியோர் கையில் ஞானோபதேசம்



ஞானோபதேச வினாவிடையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். ஆலயத்துக்குரிய பொருள் கல்விக் கழக மேடைக்கு ஏற்குமா என்று முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்த்தபொழுது, இது கல்வியைப் பற்றிய பொருளே என்பது விளங்கிற்று.

1528-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மார்ட்டின் லூதர், ஜெர்மனி தேசத்துச் சாக்சனிப் பகுதியிலிருந்த சபைகளைப் பார்வையிடும் பணியில் ஈடுபட்டார். நாட்டுப்புற மக்கள் கிறிஸ்தவர் என்னும் பெயரைத் தாங்கியிருந்தனர். ஆயினும் பத்துக் கட்டளைகளையோ, விசுவாசப் பிரமாணத்தையோ, கர்த்தருடைய ஜெபத்தையோ அறிந்திலர். போதகர் பலருக்கே கற்பிக்கும் ஆற்றல் இல்லை. மனம் நொந்த லூதர் 1529-இல் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். முதலில் சுவரில் தொங்கவிடும் தாள்களாகவும், பின்னர்ச் சிறு நூலாகவும் அது வந்தது. குடும்பத் தலைவன் தன் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் வீட்டிலேயே கற்பிக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். ‘வேலையாட்களுக்கும்’ என்பதை நாம் கவனியாது கடந்துவிடலாகாது.

இதன் பின்னே நிற்கும் இறையியல் யாது? இரண்டு கருத்துகளைக் கூறுவேன்.

ஒருவனுடைய விசுவாசத்தை அவனுக்காக மற்றொருவன் சுமக்க இயலாது என்பது முதற் கருத்து. சபை நம்புவதையே பாமரனும் நம்பினால் போதும். அது இன்னதென்று அவன் அறியவேண்டுவதில்லை என்னும் எண்ணம் அக்காலத்தில் இருந்தது. அறியாமைக்கு விசுவாசம் என்று பெயரிடலாகாது என்பது ஜெனீவாவில் பணியாற்றிய கால்வினின் வாதம்.

விசுவாசிகள் அனைவரும் ஆசாரியரே என்பது இரண்டாவது கருத்து. இதனை லூதர் 1520-லேயே வலியுறுத்தினார். கடவுள் முன் குருவுக்கு ஒரு நிலை, உழவனுக்கு ஒரு நிலை என்பது இல்லை. உழவனும் ஆசாரியன் என்றால் அவனுக்கும் வேத அறிவு வேண்டுமன்றோ? ஆதலின் பள்ளிகளை நிறுவுமாறு 1524-இல் நகர மன்றத்தினரை வேண்டி அவர் எழுதினார்.

நூலின் வைப்புமுறையும் பொருள் நிறைந்தது. கட்டளைகள் நோயைக் காட்டும். விசுவாசப் பிரமாணம் மருந்தைக் காட்டும். ஜெபம் அம்மருந்தைக் கேட்டுப் பெறக் கற்பிக்கும். முதலில் சொற்களை மனத்தில் இருத்தவேண்டும். அடுத்து அவற்றின் பொருளை வினவவேண்டும். இவ்விரண்டாம் படியே இதன் உயிர். இத்தனையும் எழுதிய லூதர், தாமும் நாள்தோறும் ஞானோபதேசத்தின் மாணாக்கனே என்று ஒப்புக்கொண்டார்.

இந்நூல் நம் கரைக்கும் வந்தது. 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு இதனைத் தமிழாக்கினார். 1707-இல் அங்கு முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரரிடம் அடிமைகளாயிருந்தோர். கல்வி எவர்க்கு மறுக்கப்பட்டிருந்ததோ, அவர்கள் முன் அமர்ந்து, ‘இதன் பொருள் யாது?’ என்று ஒருவர் வினவினார். விடை கூறும் தகுதி உனக்கும் உண்டு என்று அறிவிப்பதன்றோ அவ்வினா!

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. ஒரே விடையை ஒப்பித்தவர்கள் ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தனர். சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்குமாறு 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட நேர்ந்தது. விடை நாவில் இருந்தது, நடையில் இல்லை.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். உபதேசியார் சொல்லக் கேட்டே வினாவிடையை மனப்பாடம் செய்தவர். மாலையில் அவர் வினவுவார், நான் ஒப்பிப்பேன். ஒருநாள், “இதற்கு அர்த்தம் என்ன பாட்டி?” என்று கேட்டேன். “எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரலையப்பா. நீ படிச்சு வந்து எனக்குச் சொல்லு” என்றார். நான் படித்து முடிக்குமுன் அவர் மறைந்தார். அந்தக் கடனை இன்றளவும் என் வகுப்பறையில் செலுத்தி வருகிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஏடு எதுவாயினும் ஆகுக, ஒப்பிப்பதோடு நில்லாதீர்கள். பொருளைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விளக்குவது எங்கள் கடமை. இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஆற்றிவரும் தொண்டும் அதுவே.