மருந்துண்பது குற்றமாகுமா?

(பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக் கிளைச் சங்கங்களின் கூட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது சங்கக் கூட்டங்களிற் கல்வி நிதி, மாணவர் விடுதி, விவாகச் செலவைக் குறைத்தல் முதலிய விஷயங்களே பெரும்பாலும் பேசப்படுவன. இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயமோ மேடையிற் பேசப்படுவதன்று. வீட்டின் பின்கட்டில், அதுவும் தாழ்ந்த குரலிற் பேசப்படுவது. மனநோய்க்கு வைத்தியம் செய்துகொள்ளும் ஒருவர், 'இவ்வைத்தியத்தைப் பெற எனக்குத் தகுதியில்லை. என்னாலன்றோ குடும்பத்துக்குக் கேடு' என்று தம்மைத் தாமே குற்றவாளியாக எண்ணி வருந்துவாராயின், உற்றார் செய்யத்தக்கது யாது என்பதே அது.

இவ்விஷயத்தை யாம் தேர்ந்துகொள்ளக் காரணம் எமது பிழையொன்றேயாம். அதனை முதலிற் கூறிவிடுகின்றோம்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் எம் உறவினர் குடும்பம் ஒன்று உண்டு. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பயிரிடுவோர். அவ்வீட்டு மருமகள் இரண்டாம் பிரசவத்துக்குப்பின் உறக்கம் இழந்தாள், உணவு செல்லவில்லை, குழந்தை அழுதாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் தாமதியாது டாக்டரிடம் அழைத்துச் சென்றார். மனச்சோர்வு நோய் என்று கூறி மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் முகம் தெளிந்தது. அந்நாளில் யாம் பார்க்கச் சென்றோம். "உனக்கு என்னம்மா குறை? முத்துப்போல் இரண்டு குழந்தைகள், தங்கமான புருஷன், வளையலை அடகு வைத்தல்லவா பார்க்கிறான்!" என்று தேற்றினோம். தேற்றினதாக நினைத்தோம். அவள் தலை குனிந்து, "ஆமாம், மாமா" என்றாள்.

சில மாதங்கள் கழித்து, வெங்காயப் பட்டறையைப் பிரித்தபோது, தட்டியின் இடுக்கிலிருந்து பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் விழுந்தன. அதற்குள் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியிருந்தது. ஏன் இவ்வாறு செய்தாய் என்று கணவர் கேட்டதற்கு, "ஒவ்வொரு மாத்திரையும் அந்த வளையலைத் தின்கிற மாதிரி இருந்தது" என்றாளாம். வளையலை அவளுக்கு நினைவூட்டியவர் யாம். அவளது சம்மதம் பெற்றே இதனை இங்குச் சொல்லுகின்றோம். பெயரும் ஊரும் வேண்டா.

அன்பர்களே! அதன்பின் வைத்தியரிடம் கேட்டு யாம் தெரிந்துகொண்ட உண்மை இதுவே: மனச்சோர்வு நோயில், காரணமின்றித் தன்னைப் பழித்துக்கொள்ளுதல் நோயின் குறிகளுள் ஒன்று. உறக்கமின்மையும் பசியின்மையும் எவ்வாறோ அவ்வாறே இதுவும். குளிர்காய்ச்சல் கண்டவன் சித்திரை வெயிலிலும் நடுங்குவான். 'வெயில் அடிக்கிறதே, ஏன் நடுங்குகிறாய்?' என்று எவரும் அவனைக் கடிந்துகொள்வதில்லை, கம்பளியைப் போர்த்துகின்றோம். மனச்சோர்வுடையாரிடமோ, 'உனக்கு என்ன குறை?' என்று கேட்கின்றோம். அவருக்கு அது ஆறுதலாகச் செவியில் விழுவதில்லை. 'குறையொன்றுமின்றியும் இப்படி இருக்கின்றாயே' என்னும் குற்றச்சாட்டாகவே விழுகின்றது.

குற்றவுணர்ச்சி என்பது எப்பொழுதும் தீயதென்று யாம் கூறவில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பரில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரெயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பைத் தம்மேல் ஏற்றுப் பதவியைத் துறந்தார். அது பெருமைக்குரிய செயல். ஏனெனின் அவர் ஏற்ற பதவிக்கு அப்பொறுப்பு உண்டு. நோய்வாய்ப்பட்டவர் எந்தப் பதவியை ஏற்றார்? எதனைத் துறப்பார்? துறக்க ஒன்றுமில்லாமையால் அவர் மருந்தைத் துறக்கின்றார். சிலர் உயிரையே துறக்கத் துணிகின்றனர். ஆதலின் இதனை நல்லொழுக்கத்தின் அடையாளம் என்று பாராட்டி வளரவிடுதல் ஆகாது.

இனி, நோயாளிகள் வாய்விட்டும் விடாமலும் சொல்லும் காரணங்களைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, பொருட்செலவு. இந்நாட்டில் மனநோய் வைத்தியம் ஒருகாலத்திற் பட்டணத்துக்கே உரியதாயிருந்தது. சென்னையில் 1794-இல் தொடங்கப்பெற்ற மனநோய் மருத்துவ மனையே இன்றைய கீழ்ப்பாக்கம் நிலையத்தின் மூலம். அந்நிலை மாறி, ஜில்லாதோறும் மனநலத் திட்டம் வந்தபோது, தமிழ்நாட்டில் அது 1997-இல் முதன்முதல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் தொடங்கப்பட்டது. 1995 வரை நாம் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவரே. இன்று பெரம்பலூர் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரியிலும், அரியலூர் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் வைத்தியமும் மருந்தும் இலவசம். 2018-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசாங்க வைத்தியத்தை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கின்றது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் உடல்நோயைப் போலவே மனநோய்க்கும் வழிசெய்ய வேண்டுமென்றும் விதித்திருக்கின்றது. உரிமையாகப் பெறுவதைப் பிச்சையென்று எண்ணுதல் வேண்டா.

இரண்டாவது, 'என்னிலும் துன்பமுற்றார் பலரிருக்க, யான் வைத்தியரின் நேரத்தைப் பறிக்கலாமா?' என்பது. அடுத்த வீட்டுக்காரனுக்குக் கால் ஒடிந்தது என்பதற்காக நம் கையின் முறிவுக்குக் கட்டுப் போடாதிருப்பதில்லை. நாம் மருந்தை மறுப்பதனால் அவன் கால் கூடிவிடப்போவதுமில்லை.

மூன்றாவது, தெய்வ நம்பிக்கை. 'மாத்திரை உண்டால் சுவாமியை நம்பவில்லை என்றாகுமே' என்பர் பலர். காவிரிக் கரையிலுள்ள குணசீலம் பெருமாள் சந்நிதியில் மனநோயுற்றோர் 48 நாள் தங்கி வழிபடுதல் நாம் நன்கறிந்த வழக்கம். அதனை யாம் குறைகூறவில்லை. வைத்தியத்தை விலக்கி, சங்கிலியை மட்டும் நம்பியதன் விளைவை நாடு ஏர்வாடியிற் கண்டது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி, அங்குத் தனியார் விடுதியொன்றிற் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர், கொட்டகை தீப்பற்றியபோது ஓட இயலாமல் வெந்து மடிந்தனர். பின்னர் அதே ஏர்வாடித் தர்காவிற் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்தது. வழிபாடும் மருந்தும் ஒரே வண்டியில் இரண்டு மாடுகளாகச் செல்லலாம். வைத்தியரின் அறிவும் இறைவன் தந்ததென்று கொள்வதில் பக்திக்குக் குறைவென்ன?

நான்காவது காரணம் நம்மைச் சுடுவது. 'என் நோய் வெளிப்பட்டால் தங்கைக்கு வரன் அமையாது' என்று அஞ்சி வைத்தியத்தை ஒளிப்பவர், நிறுத்துபவர் நம்மிடையே உளர். இது நோய் தந்த மயக்கமன்று. நாம் தந்த அச்சம். பெண் பார்க்கச் செல்லும் நாம், 'அந்த வீட்டில் யாரோ மாத்திரை சாப்பிடுகிறார்களாமே' என்று விசாரிக்கின்றோம். நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் மாமனாரைப் பற்றி இவ்வாறு விசாரிப்பதுண்டா? நோயாளியின் செய்தியை வைத்தியர் இரகசியமாகக் காக்கவேண்டுமென்று சட்டம் விதித்திருக்க, அதனைத் திண்ணையில் ஏலம் போடுபவர் உறவினரே.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து உதவுபவனையும் வைத்தியத்தின் நான்காம் கூறாக வைத்தார். அந்நான்காம் கூறு நாம்.

'உன் எண்ணம் தவறு' என்று வாதாடவேண்டா. 'உனக்கு அப்படித் தோன்றுவது தெரிகிறது. அது நோய் பேசும் பேச்சு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை' என்று அமைதியாகச் சொல்லுக. செலவுக் கணக்கை அவர் காதுபடப் பேசற்க. ஆஸ்பத்திரிக்கு உடன் சென்று வருக. மனச்சோர்வுக்குரிய மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் செல்லும். குணம் கண்டபின்னும் பல மாதங்கள் தொடரவேண்டுவதுண்டு. வைத்தியரைக் கேளாமல் நிறுத்துதல் கூடாது. இவற்றை நோயாளியோடு வீட்டாரும் அறிந்திருத்தல் அவசியம். சிறு வேலையொன்றை அவர் விரும்பினாற் செய்யவிடுக. செய்ய இயலாத நாளிற் குறை சொல்லற்க. 'நான் இல்லாதிருந்தால் உங்களுக்கு நல்லது' என்னும் சொல் வாயில் வருமாயின், அதனை விளையாட்டாகக் கொள்ளாமல், பூச்சிமருந்து முதலியவற்றை அப்புறப்படுத்தி, தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்க. 14416 என்னும் இலவச டெலிபோன் எண்ணில் இரவும் பகலும் தமிழிற் பேசி யோசனை கேட்கலாம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். விவாகப் பேச்சில் மனநோய் வைத்தியத்தை இழுக்காகப் பேசுவதில்லை என்று இன்று நாம் ஒவ்வொருவரும் உறுதிகொள்ளல் வேண்டும். தீர்மானம் எழுதிப் பதிவதினும், அடுத்த முறை ஒருவர் தாழ்ந்த குரலில் அப்பேச்சைத் தொடங்கும்பொழுது, 'அதனால் என்ன?' என்று நாம் உரக்கக் கேட்பதே பயனுடையது.

அம்மருமகள் மீண்டும் மருந்து உட்கொண்டு தேறினாள். சென்ற மாதம் யாம் சென்றபோது களத்தில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். இம்முறை யாம் குறையும் கேட்கவில்லை, வளையலையும் பார்க்கவில்லை. "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு எப்போது? நானும் வருகிறேன்" என்றோம். "வியாழக்கிழமை, மாமா" என்றாள், தலை குனியவில்லை.