ஊருக்குத் திரும்பும் மேற்படிப்பு

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் தொடர்வண்டி செங்கற்பட்டில் கொளவாய் ஏரியை ஒட்டியே கடந்து செல்கிறது. வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துத் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகளுள் அந்த ஏரியைச் சன்னல் வழியே பாராதவர் குறைவு. படிப்புக்கும் அவ்வழிதான், பின்னர் வேலைக்கும் அவ்வழிதான். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான செங்கற்பட்டில், கணினியியல் கற்க விரும்புவோர்க்கு இன்று இடப்பஞ்சம் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்கா. மேலக்கோட்டையூரில் 2007இல் தொடங்கப்பெற்ற நடுவணரசின் தகவல் தொழில்நுட்பக் கழகம். காட்டாங்குளத்தூரிலும் படூரிலும் பல்கலைக்கழகங்கள். பிள்ளை பொறியியல் முடிக்கிறான். வளாகத் தேர்வில் வேலையும் கிடைத்துவிடுகிறது. அந்நிலையில் அவன் மேலும் ஈராண்டு முதுநிலை படிக்க வேண்டும் என்றால் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: கையில் வந்த சம்பளத்தை விட்டுவிட்டு எதற்காக இந்தப் படிப்பு?

அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. வீட்டுக் கடன், தங்கையின் திருமணம், மழை பொய்த்த நிலம் என எத்தனையோ அதன் பின்னே நிற்கின்றன. மேலும், பதவி உயர்வு ஒன்றே நோக்கமாயின் பலருக்கு இளநிலைப் பட்டமே போதும் என்பதையும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். முதுநிலைக் கல்விக்கு வேறொரு பயன் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் எந்தச் சிக்கலுக்குத் தீர்வு காண வேண்டும் என்பதை நிறுவனமும் அதன் வாடிக்கையாளரும் முடிவு செய்கின்றனர். இளநிலை வகுப்பில் பாடத்திட்டம் முடிவு செய்கிறது. முதுநிலையின் இறுதியாண்டு ஆய்வேட்டில் மட்டுமே, நெறியாளர் இசைந்தால், மாணவர் தம் சிக்கலைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலோர் அவ்வாய்ப்பை முன்னோர் ஆய்வேட்டின் தலைப்பைச் சிறிது மாற்றுவதிலேயே செலவிட்டுவிடுகின்றனர் என்பது வருத்தத்திற்குரியது. பிறந்த ஊரிலிருந்து ஒரு சிக்கலை எடுத்துச் செல்வோர் மிகச் சிலர்.

அப்படி எடுத்துச் சென்றால் என்ன நிகழும் என்பதற்கு இக்கடற்கரையே சான்று தருகிறது.

2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 அளவில் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அதன் அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நிலநடுக்கம் நிகழ்ந்த செய்தி சில நிமிடங்களில் உலகின் ஆய்வு நிலையங்களுக்கு எட்டிவிட்டது. ஆயினும் கோவளத்திலும், மாமல்லபுரத்தைச் சூழ்ந்த குப்பங்களிலும், கல்பாக்கத்திலும், சதுரங்கப்பட்டினத்திலும் கரையில் நின்றோர்க்கு அச்செய்தி வரவில்லை. மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால், அப்போதே கணினி நிறுவனங்கள் வளர்ந்துகொண்டிருந்த சாலை. அங்கிருந்தோர் கடல் கடந்த நாடுகளோடு நொடிப்பொழுதில் தொடர்புகொள்ள வல்லவர். சில கல் தொலைவிலிருந்த மீனவர் தெருவோடு பேச அவர்களுக்கு வழி இருக்கவில்லை. செய்தி இல்லாமற் போகவில்லை. அது செல்லும் வழியின் கடைசித் துண்டே இல்லாமற் போயிற்று.

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே நூறு கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. அங்கே நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் அதே காலையில் நிகழ்ந்தது வேறு. அவ்வூரிலிருந்து சிங்கப்பூர் சென்று பணியாற்றிய இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் பூட்டியிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அனைவரையும் மேட்டுப்பகுதிக்கு ஓடுமாறு அறிவித்தனர். படகுகளும் வீடுகளும் போயின. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை என்று பதிவாகியுள்ளது. தொலைபேசியில் பேசிய அவ்விளைஞர் முன்னர் அந்த அறிவு மையத்திலேயே தொண்டராக இருந்தவர். ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, அதன் குரல் எவ்வளவு தொலைவு எட்டும் என்பன அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராதவை.

அந்த மையம் வந்த வரலாறு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1992ஆம் ஆண்டிலேயே, தகவல் தொழில்நுட்பம் அது எட்டாதாரை எட்டுவது எங்ஙனம் என்று அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்தது. 1998இல், கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு, புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்கள் எழுந்தன. வில்லியனூர் நடுவிடம், சுற்றியுள்ள ஊர்கள் அதன் கிளைகள். தொலைபேசிக் கம்பி எட்டாத ஊர்களுக்கு இருவழி வானொலிக் கருவி. மின்சாரம் அடிக்கடி நின்றமையால் கதிரவன் ஒளி மின்கலன்களும் வைக்கப்பெற்றன. இவற்றினும் முதன்மையானது ஒன்று: கணினி இறங்குமுன் ஊராரிடம் கேட்டறிதல் நடந்தது. உங்களுக்கு எச்செய்தி வேண்டும், இப்போது அதை யாரிடம் பெறுகிறீர்கள் என்று. இடத்தை ஊரார் கொடுக்க வேண்டும். தொண்டர்களையும் ஊராரே தர வேண்டும். எச்சாதியினரும் உள்ளே வரத் தடையிருத்தல் கூடாது என்பன நிபந்தனைகள். மையத்தை நடத்தியோருள் பெண்கள் பலர். பள்ளிப் படிப்பளவே படித்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

உள்நாட்டு ஊர்கள் நெல் விலையும் அரசு உதவித் திட்டங்களும் கேட்டன. வீராம்பட்டினத்து மீனவர் கேட்டது நாளைய அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரமும் காற்றின் திசையும் முன்கூட்டியே வெளியாயின. மையத்தார் நாள்தோறும் அதை இறக்கித் தமிழாக்கி, கடற்கரையில் கேட்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தனர். விடியுமுன் கட்டுமரம் தள்ளுவோர் கணினித் திரையின்முன் வந்து அமரமாட்டார் என்பதை அறிந்த ஏற்பாடு அது. விண்கோள், இணையம், வானொலி என்று நீண்ட பாதையின் முடிவில் ஊர்த் திருவிழாவில் பாட்டுப்போடும் கூம்பு ஒலிபெருக்கி! பல்கலைக்கழக ஆய்வேட்டில் அதற்கு மதிப்பெண் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே. அம்முயற்சி 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் பரிசைப் பெற்றது.

ஒரு சமண அவையில் மீன்பிடிப்போர் கதை ஏன் என்று சிலர் உள்ளத்தில் எழலாம். அவ்வினா இயல்பானதே. இங்குப் பேசப்படுவது வலையில் விழும் உயிர் பற்றியன்று. கடலுக்குச் சென்ற மனிதன் மாலையில் தன் பிள்ளைகளிடம் திரும்பி வருவது பற்றி. கொல்லாமையை ஒருவர் போற்றுவாராயின், இடரை முன்னறிவித்து உயிர் காக்கும் பணியும் அவருக்கு அயலானது ஆகாது.

இனி, வீராம்பட்டினத்தார் கேட்டதைப் போல, தமிழ்ச் சமணர் ஊர்களில் எவரேனும் சென்று "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் வரும் விடைகள் பலவாகலாம். முதியோர் தனித்திருக்கும் வீடுகளுக்கு மருத்துவ உதவி என்பர் சிலர். விளைபொருள் விலை என்பர் சிலர். 2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்ற பின்னும் அதனால் வரும் உதவித்தொகை பற்றி உரிய நாளில் அறியவில்லை என்போரும் இருப்பர். அவற்றுக்குச் சிறு தீர்வுகள் போதும்; அறக்கட்டளையின் கைப்பேசிக் குழுவொன்றே பாதியைச் செய்துவிடும். முதுநிலை ஆய்வு அளவுக்கு ஆழமான ஒரு பணியும் உண்டு. அது வீட்டுப் பரணிலும் மடத்துப் பெட்டியிலும் இருக்கும் ஓலைச்சுவடிகள்.

சுவடியை ஒளிப்படம் எடுத்துவிட்டால் அது காக்கப்பட்டுவிட்டது என்று பலர் கருதுகின்றனர். படம் என்பது படமே. அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது. அதை எழுத்தாக்க வேண்டும். அங்கே தொடங்குகிறது இடர்ப்பாடு. ஓலை கிழியும் என்பதனால் எழுதுவோர் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கு இன்றுள்ள வேறுபாடு பழஞ்சுவடிகளில் இல்லாமையால் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றுபோலவே நிற்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவு. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. அச்செழுத்தைப் படிக்கப் பழகிய கணினி நிரல் இங்கே தடுமாறும். தீயா, நீர்நிலையா என்பதை முன்பின் வரும் சொற்களைக் கொண்டே முடிவு செய்யும்படி அதற்குக் கற்பிக்க வேண்டும். இதன்மேல் மணிப்பிரவாளம் வேறு. ஸ்ரீபுராணம் போன்ற நூல்களில் தமிழும் வடமொழியும் கலந்து, வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். கிரந்தம் ஒருங்குறியில் இடம்பெற்றதே 2014இல் வெளிவந்த அதன் 7.0 பதிப்பில்தான். தமிழோ 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலிருந்தே உண்டு. ஆகவே கிரந்தத்தில் ஆய்வு செய்ய இறங்குவோர்க்கு முன்னோர் விட்டுச்சென்ற கருவிகள் குறைவு; செய்யக் கிடக்கும் வேலை மிகுதி.

இத்தகைய நிரலுக்குப் பயிற்சி தர ஆயிரக்கணக்கான வரிகள் வேண்டும்: ஒருபுறம் ஓலையின் படம், மறுபுறம் அதன் பிழையற்ற வாசிப்பு. அவ்வாசிப்பைத் தருவோர் யார்? கிரந்தம் கலந்த ஏட்டைத் தடையின்றிப் படிக்க வல்ல முதியோர். அவர்கள் எண்பதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். கணினி ஆண்டுதோறும் விரைவு பெறும், விலையும் குறையும். அதற்காகக் காத்திருப்பதில் இழப்பில்லை. முதியோருக்காக அப்படிக் காத்திருக்க இயலாது.

இதற்கு ஒரு முன்னிகழ்வை அவையோர் அறிவர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயப் புகுந்தார். தமிழ்ப் புலமையில் அவருக்குக் குறைவில்லை. எனினும் சமயக் கருத்துக்கள் விளங்கவில்லை. அந்நகரின் சமணர் வீடுகளில் சிந்தாமணி ஓதிக் கேட்கப்பட்டு வந்தது. அங்கே சென்று சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தே 1887இல் அவர் பதிப்பை வெளியிட்டார். புலவரின் உழைப்பும் குடும்பங்களின் வழிவழி அறிவும் ஒரு திண்ணையில் கூடியிராவிடில், அந்நூல் அவ்வாண்டில் அவ்வடிவில் வந்திராது. அன்று இரண்டும் இருவேறு மனிதரிடம் இருந்தன. இன்று ஒரே பிள்ளையிடம் இருக்கக் கூடும். குணத்தானம் பதினான்கு என்று பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பெண், அச்சொல்லைக் கொடை என்று பிரித்துப் பொருள் கொள்ளும் நிரலின் பிழையை ஒரு நொடியில் கண்டுவிடுவாள். எத்தனை திறமையுடையவராயினும் அயலவர் அங்கே இடறுவர்.

இதற்காக எவரும் வேலையைத் துறந்து ஊருக்குக் குடிபெயர வேண்டும் என்பதில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர் தத்தம் ஓய்வுநேரத்தில் தட்டச்சு செய்தே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். நாலடியாரும் சிந்தாமணியும் அங்கு உண்டு. சிங்கப்பூரிலிருந்து நல்லவாட்டுக்கு வந்த அழைப்பும் அவ்வகையினதே. தொலைவு தடையாவதில்லை, ஊரை அறியாமையே தடை.

பெற்றோர் கேட்ட பணக் கேள்விக்கும் சிறிது விடை உண்டு. கேட் தேர்வில் தேர்ச்சி பெற்று, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றத்தின் ஏற்புடைய கல்லூரியில் முழுநேர முதுநிலைப் பொறியியல் படிப்போர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டு வருகிறது. சம்பளத்திற்கு அது ஈடாகாது. விடுதிச் செலவைத் தாங்கும். வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. மிஞ்சாத அந்தப் பகுதியில்தான் அறக்கட்டளை துணை நிற்க வேண்டும். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துப் பரிசு வழங்கும் வழக்கத்தோடு, ஊரின் சிக்கலை ஆய்வேடாக எடுக்கும் ஓரிருவருக்கு ஈராண்டும் தொடர்ந்து உதவுவது தக்கது. பெண்பிள்ளைகள் விண்ணப்பித்தால், "திருமணத்திற்குப் பின் தொடர்வாளா" என்ற கேள்வியைத் தேர்வுக்குழு கேளாதிருத்தல் நலம்.

கேட் தேர்வு பிப்ரவரியில் நடைபெறும். பதிவு பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்கிவிடும். தேர்வு எழுத எண்ணுவோர் அதற்கு முன் வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டில் சுவடி இருந்தால் துணியை அவிழ்த்துப் பார்க்கட்டும். படிக்கத் தெரிந்த தாத்தாவை முதல் ஏட்டைப் படிக்கச் சொல்லி, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யட்டும். ஏட்டின் படமும் அக்குரலும் ஒரே எண்ணிட்டுச் சேர்த்து வைக்கப்படட்டும். அறக்கட்டளை அலுவலகத்தில் அவற்றைப் பெற்றுக்கொள்ள ஒரு கணினி ஒதுக்கினால் போதும். ஓர் ஏட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும்.