மணவாளக்குறிச்சி மணலும் குளச்சல் துறையும்
(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



குளச்சல் என்றதும் நாம் எல்லாரும் 1741-ஐச் சொல்வோம். மார்த்தாண்ட வர்மா, டச்சுக்காரர், டிலனாய், வெற்றித்தூண். நல்லதுதான். அதே கடற்கரையிலிருந்து நம்மூர் மண் கப்பலேறிப் போன கதை எத்தனை பேருக்குத் தெரியும்? போருக்குத் தூண் இருக்கிறது. மூட்டை சுமந்தவனுக்கு ஒரு கல்லும் நான் பார்த்ததில்லை.

கதை கயிற்றில் ஆரம்பிக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்நாளில் ஐரோப்பிய நகரங்களில் வாயு விளக்கு. அதன் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியம் இருப்பது மோனசைட்டில். மனுஷன் சும்மா விடவில்லை, தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டுவிட்டார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கல்யாணம் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த மேண்டிலிலும் இதே தோரியம்தான்.

1914-ல் போர் வந்தது. தொழில் ஜெர்மானியர் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போனது. மின்விளக்கு வரவர மேண்டிலுக்கு மவுசு குறைந்தது. 1920-களில் இல்மனைட் என்ற கறுப்பு மணலுக்கு யோகம் அடித்தது. கறுப்பு மண்ணிலிருந்து வெள்ளைப் பெயிண்ட்! 1945-க்குப் பிறகு தோரியம் அணுசக்திப் பொருளாகிவிட்டது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது. 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலையும் அதற்குள் வந்தது.

இனி சுமந்தவர்கள் விஷயம். குளச்சலில் கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்க முடியாது. தூரத்தில் நங்கூரம் போடும். மூட்டையைப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்கவேண்டும். ஆனி ஆடியில் அந்தக் கடல் எப்படி நிற்கும் என்று கரைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டாம். இல்மனைட் மணி, சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு கனம். பார்வைக்கு அரைச்சாக்கு, தலையில் வைத்தால்தான் தெரியும். என் அம்மை வழிப் பாட்டி இந்த மணல் வாரியவள். “கறுப்பு மண்ணு களுத்த ஒடிக்கும் மக்களே” என்பாள். மோனசைட் என்ற பேரே அவளுக்குத் தெரியாது. மோனசைட் தெரிந்த நமக்கு அவளோடு வேலை செய்தவர்களின் பேர் தெரியாது.

இதைப் பழங்கதை என்று தள்ளமுடியாது. கிள்ளியூர் வட்டத்துக் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் சுமார் 1,144 எக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் கருத்துக் கேட்பு வைக்க இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பித் தள்ளிவைத்தார்கள். வேலை வரும் என்பவர்களும் உண்டு. கதிர்வீச்சையும் கடலரிப்பையும் சொல்லிப் பயப்படுகிறவர்களும் உண்டு. எனக்குப் பயந்தவர்கள் பக்கம்தான் மனசு சாய்கிறது. 2004 சுனாமியில் கொட்டில்பாட்டையும் குளச்சலையும் பார்த்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

வரலாறு படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் ஒரு நடை போங்கள். மூட்டை ஏற்றியவர்களில் சிலர் இன்னும் திண்ணையில் இருப்பார்கள். கூலி எவ்வளவு, படகு யாருடையது, யார் கடலில் போனார் என்று கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். நோட்டுப் புத்தகச் செலவு எங்கள் சங்கத்தோடது.