யாருக்காக இந்தச் சுமை?

(வேளாங்கண்ணிப் பாத யாத்திரைக் குழுவினரின் ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டு என்பதால், இம்முறை நடப்பதற்குப் பெயர் கொடுத்திருப்பவர்களில் பாதிப்பேர் புதியவர்கள். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பழையவர்கள் சிலருடைய முகத்தில் அந்த மகிழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை. காரணம் என்ன என்பது சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் எனக்கு விளங்கிற்று. இரும்புச் சந்தையில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் தம்பி ஒருவர் சக்ரீஸ்து வாசலில் என்னை நிறுத்தினார்.

"ஃபாதர், வருஷா வருஷம் நான் ரெண்டு டார்ச் எடுத்துனு போறேன். ஒண்ணுமே எடுத்துனு வராதவன் ஒருத்தன் அதுல ஒண்ணைக் கேட்டு வாங்கிக்கிறான். அடுத்த வருஷமும் அவன் வெறுங்கையோடதான் வர்றான். இந்த வருஷமும் நான் ரெண்டு எடுத்துனு வரணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

பிறரன்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். யோசித்ததைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சாத்தாங்காட்டிலிருந்து ஆரோக்கிய அன்னையின் சந்நிதி 300 கிலோமீட்டருக்கு மேல். மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று கடற்கரையை ஒட்டியே போகிறோம். ஆகஸ்டு 29ஆம் தேதி கொடியேற்றம். செப்டம்பர் 8ஆம் தேதி பெருவிழா. அந்த நாட்களில் வெயிலும் உண்டு, திடீர் மழையும் உண்டு. வெயிலுக்குப் பயந்து விடியற்காலையிலும் இரவிலும் நடக்கிறோம். அந்த இருட்டிலேதான் பெரிய வண்டிகளும் வேகமாக வருகின்றன. "நமக்குத்தான் சாமான் வண்டி இருக்கிறதே" என்று புதியவர்கள் நினைப்பீர்கள். அந்த வண்டி உலை வைப்பதற்காக முன்னால் போய்விடும். தங்குமிடத்திலிருந்து தங்குமிடம் வரை உங்கள் தோளில் இருப்பது மட்டுமே உங்களுக்கு உண்டு.

இந்தக் கேள்விக்கு நற்செய்தியில் பதில் தேடுகிறவன் முதலில் போய் முட்டிக்கொள்ளும் இடம் பத்துக் கன்னியர் உவமை. ஐவர் கூடுதல் எண்ணெய் கொண்டுபோனார்கள், ஐவர் கொண்டுபோகவில்லை. நள்ளிரவில் இல்லாதவர்கள் கேட்டார்கள்; இருந்தவர்கள் கொடுக்கவில்லை, கடையைக் காட்டினார்கள். ஆண்டவர் அவர்களைக் கண்டிக்கவும் இல்லை! குருமடத்தில் படித்த காலத்தில் இது எனக்கு ஒரு முள்ளாகவே இருந்தது. 'இந்த விவேகமுள்ளவர்களிடம் ஒரு சொட்டு இரக்கம்கூட இல்லையே' என்று நினைப்பேன். அப்புறம் திருச்சபைத் தந்தையரைப் படித்தேன். பொன்வாய் அருளப்பர் அந்த எண்ணெயைத் தர்மம், இரக்கம் என்று விளக்குகிறார். புனித அகுஸ்தினார் அதை அன்பு என்கிறார். அப்படியானால், இரக்கமற்றவர்கள் என்று நான் நினைத்த அந்த ஐவரின் பாத்திரத்தில் இருந்ததே இரக்கம்தான். அதைக் கடைசி நேரத்தில் இன்னொருவருக்கு ஊற்றித்தர முடியாது. அதுதான் அவர்கள் மறுத்ததன் பொருள்.

இதை நம் பாதைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கடன் கொடுக்க முடியாத பொருள்களும் உண்டு, கொடுக்கக்கூடியவையும் உண்டு. உங்கள் கால் பழகிய செருப்பை நான் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. ஒரு மாதம் காலையில் நடந்து பழகிய உங்கள் காலின் வலுவை என் காலுக்கு மாற்ற முடியாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உங்களுக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரையை என் வாயில் போடவே கூடாது. சென்ற முறை ஒருவர் நல்லெண்ணத்தோடு அப்படிக் கொடுக்கப்போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். இவற்றில் எல்லாம் ஆளாளுக்கு அவரவர் எண்ணெய்தான். இவற்றைக் கொண்டுவராதவருக்காக வேறு யாரும் சுமக்க இயலாது. ஆகவே புறப்படுமுன்னரே கேட்டு, இல்லாவிட்டால் "இவ்வாண்டு வேண்டாம், ரயிலில் வந்து சேர்ந்துகொள்" என்று சொல்வதுதான் அன்பு.

டார்ச் வெளிச்சம் அப்படியல்ல. ஒருவர் பிடித்தால் நால்வருக்குத் தெரியும், பகிர்ந்ததனால் குறையாது. தண்ணீர் பகிர்ந்தால் குறையும். இந்த வித்தியாசத்தை நான் ஒரு மனிதரைப் பார்த்துத்தான் கற்றேன்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிது. வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். அந்த ஆண்டு எங்களோடு ஒரு பெரியவர் நடந்தார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகில் ஒரு ரெக்சின் பை, கையில் ஐந்து லிட்டர் கேன். பையில் இரண்டு டார்ச், பேட்டரி, பிளாஸ்திரி, பஞ்சு, கயிறு, ஊசி நூல், பழைய வேட்டித் துணி, இன்னும் என்னென்னவோ. "இன்னா பெரியவரே, கடையையே கட்டிக்கினு வந்துட்டீங்களா?" என்று இளைஞர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் இரவே ஒருவனுக்குக் கால் கொப்புளித்தது. பெரியவர் பையைத் திறந்தார். இரண்டாம் நாள் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் நாள் எவனும் தண்ணீர் பாட்டில் நிரப்பவில்லை. கேன்தான் இருக்கிறதே! நான்காம் நாள் காலை மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே நடந்தோம். பார்த்தவர்களுக்குத் தெரியும், நிழல் என்ற பேச்சே அங்கு இல்லை, வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கேன் கைமாறிக் கைமாறிப் போய், காலியாகத் திரும்பி வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மணி இருக்கும், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்தார். பிறகு பேச்சுக் குழறியது. எங்களில் ஒருவரிடமும் ஒரு மிடறு தண்ணீர் இல்லை. உப்பு வண்டி ஒன்றை மறித்து ஏற்றிக்கொண்டு போனோம். ஆண்டவர் புண்ணியத்தில் பிழைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னிடம் கேட்டது: "சாமி, கேனை யாராச்சும் எடுத்துனு வந்தாங்களா?"

அன்றிலிருந்து, 'தாராளமாக எல்லோருக்கும் சேர்த்துச் சுமந்துகொள்ளுங்கள்' என்று என்னால் சுலபமாகப் பிரசங்கம் செய்ய முடிவதில்லை. அவருடைய தாராளம் எங்களைக் கவலையற்றவர்களாக்கிற்று. நாங்கள் கவலையற்றுப்போனதால் சாகப்பார்த்தவர் அவர். தப்பு அவர் பையில் இல்லை. அது ஒரே ஒருவருடைய பையாக இருந்ததில்தான் இருக்கிறது.

துறைமுகத்திலும் கப்பலிலும் பாடுபடுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். 1912இல் டைட்டானிக் கப்பலில் ஏறக்குறைய 2,200 பேர் இருந்தார்கள். உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்கு மட்டும். அந்தத் துயரத்துக்குப் பின் 1914இல் உண்டானதுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தம். இன்று அதன்படி பயணிகள் கப்பலில் ஆளுக்கொரு மிதவை அங்கி இருக்கவேண்டும். அதற்கு மேலும் நூற்றுக்கு ஐந்து வீதம் கூடுதலாக இருக்கவேண்டும். குழந்தைகளுக்குத் தனியாக வேறு. அந்தக் கூடுதல் அங்கிகளை எந்தப் பயணியும் தன் பெட்டியில் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அவை கப்பலுக்குச் சொந்தம். எங்கே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவருடைய நல்ல மனதை நம்பி அந்த ஏற்பாடு நிற்கவில்லை.

நாமும் அப்படியே செய்வோம் என்பது என் யோசனை. பத்துப் பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு பொதுப் பை. அதைத் தினம் ஒருவர் சுமப்பார், முறை வைத்து. அதிலே ஓர் உபரி டார்ச், பிளாஸ்திரி, சுத்தமான துணி, விசில், உப்புச் சர்க்கரைத் தூள் பொட்டலங்கள். ஒரு பொட்டலத்தின் எடை சுமார் 20 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. உபரியாகச் சுமக்க வேண்டியது எது என்று இதிலேயே தெரிகிறதல்லவா? தண்ணீரை அவரவர் சுமக்கட்டும். பொட்டலத்தைக் குழு சுமக்கட்டும். பொட்டலம் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு முக்கியம், உப்பு கூடிவிடக்கூடாது. தாய்மார்களுக்கு இது தெரியும், இளைஞர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

இருட்டில் நடப்பவர்கள் எல்லோருக்கும் முதுகில் ஒளிரும் பட்டை. பழனிக்குத் தைப்பூசத்துக்கு நடக்கும் பக்தர்களுக்குப் போலீசாரும் தொண்டர்களும் வழியில் இதை ஒட்டிவிடுவதுண்டு. நல்ல வழக்கம் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். இது மட்டும் உபரியாக எத்தனை இருந்தாலும் கனக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் நம் சென்னைப் பிள்ளைகளும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த காட்டில் காற்றோடு தீ ஏறி வரும்போது, ஒருவர் பையில் பத்துப் பேருக்கு மருந்து இருந்து என்ன பயன்? பை நிறைந்திருக்கிறது என்ற தைரியத்தில், போகக்கூடாத நேரத்தில் போகக்கூடாத வழியில் போய்விடக்கூடாது. மழை கொட்டினால் நிற்போம். நேர்ச்சை ஒரு நாள் தாமதமானால் அன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நிற்க. அந்தத் தம்பியின் கேள்விக்கு இன்னும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை.

அவர் 'ஒண்ணுமே எடுத்துனு வராதவன்' என்று சொன்னாரே, அவர் யார் என்று நான் விசாரித்தேன். பெயரைச் சொல்லமாட்டேன். ஒப்பந்தக் கூலியாக வேலை செய்கிறவர். யாத்திரைக்குப் போகும் பத்துப் பன்னிரண்டு நாளுக்கும் சம்பளம் கிடையாது. அந்த நாட்களுக்கு வீட்டுக்கு அரிசி வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புகிறவர். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "மறந்துட்டேன்" என்று வருடா வருடம் பொய் சொல்லியிருக்கிறார். நாமும் அவரைச் சோம்பேறி என்று நினைத்தோம். உண்மையான சோம்பேறிகளும் நம்மில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. புறப்பட்ட பிறகு பாதிவழியில் எவர் எந்த வகை என்று பிரித்துப் பார்க்க முடியாது. புறப்படும் முன்னால் முடியும்.

நல்ல சமாரியனைப் பாருங்கள். அவனிடம் எண்ணெய் இருந்தது, திராட்சை இரசம் இருந்தது. வழியில் ஒருவன் அடிபட்டுக் கிடப்பான் என்று எதிர்பார்த்தா அவன் அதைக் கொண்டுவந்தான்? தன் பயணத்துக்காகத்தான் கொண்டுவந்திருப்பான் என்பது என் தாழ்மையான கருத்து. ஆனால் இன்னொருவனுக்கும் பயன்படும் அளவுக்கு இருந்தது. அத்தோடு, அவன் அந்த மனிதனைத் தன் முதுகில் எரிகோ வரை சுமக்கவில்லை. சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, மிச்சப் பொறுப்பைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான். சத்திரம் என்று ஒன்று இருந்ததால்தான் அவனுடைய இரக்கம் அவனை நசுக்கவில்லை.

நம் பக்கத்தில் நமக்கே ஓர் அனுபவம் உண்டு. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கிய அதே மாதத்தில், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து மூச்சுத் திணறி ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அமோனியா தண்ணீரில் கரையும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகிப் போகவேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் எவ்வளவு உதவி! ஒரு கைக்குட்டையும் கொஞ்சம் தண்ணீரும், அவ்வளவுதான் சாமான். தெரிந்ததைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் முன்பே சொல்லிவைப்பதில் சுமையே இல்லை.

ஆகவே, தம்பி, நீ இரண்டு டார்ச் கொண்டுவா. ஆனால் இரண்டாவதை உன் பையில் ஒளித்துவைத்து, இருட்டியபின் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுக்காதே. புறப்படும் முன்பே குழுவின் பையில் போட்டுவிடு. அதன் பேட்டரிக்கு யார் பொறுப்பு தெரியுமா? உன்னிடம் வருடா வருடம் வாங்கினாரே, அவர்தான். நான் அவரிடம் பேசிவிட்டேன். இந்த ஆண்டு பொதுப் பையை முதல் நாள் சுமப்பதாக அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாங்க வசதியில்லாதவர்கள் என்னிடமோ, மாதர் சங்கத் தலைவியிடமோ தனியாகச் சொல்லுங்கள். வேறு காதுக்குப் போகாது. ஜூபிலி வரவு செலவில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்கும்படி பங்குப் பேரவையிடம் கேட்டிருக்கிறேன். கொடி தோரணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும் என்று பொருளாளரும் சம்மதித்துவிட்டார்.

அந்தப் பெரியவர் மறு ஆண்டும் நடக்க வந்தார். கேன் இல்லை, ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். புறப்படும் முன் வரிசையாக ஒவ்வொருவனிடமும் போய், "உன் பாட்டில் எங்கே? காட்டு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடமும் கேட்டார். நான் அறையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் எடுத்துவர வைத்துவிட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப் பாதை முடிந்ததும், எல்லோரும் அவரவர் பையோடு கோயில் முற்றத்துக்கு வாருங்கள். பாயை விரித்துப் பைகளைத் திறந்து வைப்போம். என் பையையும் திறந்து வைக்கிறேன்.