ஓடிக் காட்டுறவனை மொழியால தடுக்காதீங்க!

(இளைஞரணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



2019 ஜூலை 14. தபால்காரர் பணிக்கான தேர்வு. நம்ம ஊர்த் தெருவில், தமிழில் முகவரி எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற வேலை. ஆனா கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்! தமிழ்நாட்டு உறுப்பினர்கள் மாநிலங்களவையில் விடாமல் குரல் கொடுத்தார்கள். ரெண்டே நாளில் தேர்வு ரத்து.

2023-ல் அதே கதை. சி.ஆர்.பி.எஃப்.பில் 9,212 பணியிடங்கள். அதில் தமிழ்நாட்டுக்கு 579. கணினித் தேர்வு மறுபடியும் அந்த ரெண்டு மொழியில்தான். தமிழ்நாடு எதிர்த்தது. அந்த ஏப்ரலிலேயே, மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்துவதாக ஒன்றிய உள்துறை அறிவித்தது. 2024 பிப்ரவரியில் நம்ம பிள்ளைகள் தமிழில் எழுதினாங்க.

நாம என்ன சலுகையா கேட்டோம்? 5 கிலோமீட்டரை 24 நிமிஷத்துல ஓடணும்னு விதி. ஓடிக் காட்டுறோம். கணக்குக் கேளுங்க, பொது அறிவு கேளுங்க, பதில் சொல்றோம். கேள்வியை எங்களுக்குப் புரியிற மொழியில கேளுங்க. அவ்வளவுதான்!

போராடித் திறந்த கதவு இது. விண்ணப்பிக்கும்போது தேர்வு மொழியில் மறக்காம 'தமிழ்'னு குறிக்கச் சொல்லுங்க. கிளைக்கு ஒருத்தர் உட்கார்ந்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்க. இன்னும் தமிழுக்கு இடமில்லாத ஒன்றிய அரசுத் தேர்வு எதுவானாலும், அடுத்த குரல் அங்கே ஒலிக்கும்.