நடந்தவர்கள் எங்கே போனார்கள்?

மண்டி வியாபாரிகளே, மூட்டை இறக்கிவிட்டு வந்து பின்னால் நிற்கிற சுமைப்பணித் தோழர்களே!

நான் போட்டோகிராபர் இல்லை. நல்ல படம் கண்ணில் பட்டால் போகிற வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிற ஆள். அந்த ஒரே தகுதியில்தான் மைக் பிடித்திருக்கிறேன்.

லினேயஸ் டிரைப் என்று ஒரு வெள்ளைக்காரர். கும்பினி ராணுவத்தில் கேப்டன். 1856-ல் மெட்ராஸ் சர்க்கார் அவரைப் படமெடுக்கும் உத்தியோகத்தில் வைத்தது. மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-ல் அந்தப் படங்கள் ஊருக்கு ஊர் ஆல்பமாக வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் சுவரடிக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எழுத்தை அப்படியே படிக்கலாம் ஐயா! பர்மாவில் எடுத்த படங்களில் வெறும் வானமாக இருந்த இடத்தில் தூரிகையால் மேகமும் போட்டிருக்கிறார். நம் பிள்ளைகள் செல்போனில் செய்வதை அவர் அன்றே செய்துவிட்டார். 1859-ல் கவர்னராக வந்த டிரவெல்யன் இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லிவிட, வேலை நின்றது. கஜானாக்காரர்களுக்குக் கலை எப்போதும் தண்டச் செலவுதானே!

அவருடைய படங்களைப் பார்த்து மலைத்துப்போகிறேன். ஆனால் தேடிப் பார்த்தால் ஆள் நடமாட்டம் அபூர்வம். ஊரா காலியாகக் கிடந்தது? மெழுகு ஏற்றிய காகிதத்தில் படம் விழ நிமிஷக் கணக்கில் ஆகும். கல் அசையாது, பதிந்தது. நடந்தவன் பதியவில்லை. அந்தக் காகிதத்தை வைத்து நடுராத்திரியில் நாம் கூடியிருக்கிற இந்தக் காந்தி மார்க்கெட்டை எடுத்தால் என்ன வரும்? லாரி வரும், மூட்டை வரும். மூட்டை சுமந்து ஓடுகிறவர் வரமாட்டார்.

இன்று கேமராவுக்கு அந்தச் சாக்கு கிடையாது. மதுரைக்காரர் பழனி குமார், மீன் விற்கிற தாயின் மகன். இரவில் மீன் சந்தையில் நிற்கிற அம்மாவை எடுத்தார். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களையும் அவர்கள் வீட்டாரையும் எடுத்தார். 2022-ல் தயனிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. டிரைப் படத்தை ரசிக்கலாம், வீட்டில் மாட்டலாம். பழனி குமார் படத்தில் இருப்பவர் நம்மைத் திருப்பிப் பார்க்கிறார். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். கல்லாவுக்கு மேலே கடையை ஆரம்பித்தவர் படம் மாலையோடு தொங்குகிறது. அவர் பேர் தெரியும். வீட்டில் பழைய கடைப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் தராசு பிடித்தும் மூட்டை சுமந்தும் நிற்பவர்கள் யார்? வயசானவர்கள் இருக்கும்போதே கேட்டு, பேரும் ஊரும் வருஷமும் படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும்.